முஹம்மது அலீ கற்ற குத்துச்சண்டை



பிள்ளைகள் குத்துச்சண்டை கற்கலாமா என்று பெற்றோர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. கேட்கத் தூண்டிய பிள்ளையின் மனத்தில் பெரும்பாலும் முஹம்மது அலீ நிற்கிறார். எனவே அவர் அக்கலையை எவ்வாறு கற்றார், பின்னர் அதில் எதை இழந்தார் என்பதை முதலில் பார்ப்போம்.

1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூயிவில் நகரில், கேஷியஸ் கிளே என்ற 12 வயதுச் சிறுவனின் புது மிதிவண்டி திருடுபோனது. திருடனை அடித்து நொறுக்கப்போவதாக அழுதுகொண்டு நின்ற அவனிடம், முதலில் சண்டையிடக் கற்றுக்கொள் என்றார் ஜோ மார்ட்டின் என்னும் காவலர். அதே கட்டடத்தின் அடித்தளத்தில் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை கற்பித்துவந்தவர் அவர். இக்கதையைப் பலரும் அறிவர். நமக்கு வேண்டியதோ அதன் பின் வந்த ஆறு ஆண்டுகள்.

விடியற்காலையில் நெடுந்தூர ஓட்டம். பள்ளிப் பேருந்தில் ஏறாமல் அதனோடு பந்தயம். மாலையில் மார்ட்டினிடமும், கறுப்பினப் பயிற்சியாளரான பிரெட் ஸ்டோனரிடமும் பாடம். கயிறு தாண்டுதல், தொங்கும் மூட்டையைக் குத்துதல், வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கால்களை நகர்த்தும் முறை. இன்று ஜிம்முக்குச் செல்லும் இளைஞர்கள் ஒன்றை அறிந்தால் வியப்பர்: இரும்பு எடைகளைத் தூக்கி அவர் உடலை வளர்க்கவில்லை. எடை தூக்கினால் தசை இறுகி வேகம் குறையும் என்று அக்காலப் பயிற்சியாளர்கள் நம்பினர். (அந்நம்பிக்கை பிற்காலத்தில் கைவிடப்பட்டது.) இஸ்லாத்தை அறியும் முன்பே மதுவையும் புகையையும் அவர் விலக்கியிருந்தார் என்பதும் குறிக்கத்தக்கது.

இத்தனை உழைப்பும் அடிப்பதற்காக மட்டுமன்று, அடிபடாமல் இருப்பதற்காகவும்தான். கைகளைத் தாழவிட்டுத் தலையைப் பின்னுக்குச் சாய்ப்பார். எதிராளியின் குத்து முகத்துக்கு முன்னே காற்றில் வீணாகும். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 81 கிலோ பிரிவில் தங்கம் வென்றதும், 1964 பிப்ரவரியில் சன்னி லிஸ்டனை வீழ்த்தி உலகப் பட்டம் பெற்றதும் இக்கலையால்தான். அவர் முஹம்மது அலீ என்று அழைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அன்று அவர் சேர்ந்திருந்த 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தின் கொள்கைகள் நம் அகீதாவுக்கு ஒவ்வாதவை. 1975க்குப் பின்னரே அஹ்லுஸ் ஸுன்னாவின் வழிக்கு வந்தார்.

மார்க்கத்தின் நிலைப்பாடு தெளிவானது. முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் அது பதிவாகியுள்ளது. 1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை, நடைமுறையிலுள்ள குத்துச்சண்டைப் போட்டி ஆகுமானதல்ல என்று தீர்மானித்தது. எதிராளியின் தலையைத் தாக்கி நினைவிழக்கச் செய்வதையே வெற்றியெனக் கொள்ளும் விளையாட்டுக்கு வேறு தீர்ப்பு எப்படி வரும்? ஆனால் ஓட்டமும் கயிறும் மூட்டையும் உடல்வலுப் பயிற்சியும் அத்தீர்ப்புக்குள் அடங்கா. வலிமையுள்ள இறைநம்பிக்கையாளரின் சிறப்பைக் கூறும் நபிமொழியை அறிந்த நாம், பிள்ளைகளை அவற்றிலிருந்து விலக்கி வைப்பது முறையன்று. பெற்றோர் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது, ஜோடியாக மோதும் பயிற்சியில் தலையிலும் முகத்திலும் குத்த விடுகிறாரா என்பதையே.

பயிற்சிதானே, போட்டியல்லவே என்று இதனை எளிதாக எண்ணலாகாது. வியட்நாம் போருக்குச் செல்ல 1967இல் மறுத்த அலீ, பட்டத்தையும் மூன்றரை ஆண்டுகளையும் இழந்தார். 1971இல் உச்ச நீதிமன்றம் அவர்பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும் கால்களின் பழைய வேகம் திரும்பவில்லை. அதற்கு ஈடாகத் தம்மால் அடியைத் தாங்க முடியும் என்பதை அவர் கண்டுகொண்டார். 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளை வாங்கியே அவரைக் களைக்கச் செய்து வென்றார். உலகம் அதனைக் கொண்டாடியது. பென்சில்வேனியாவில் டியர் லேக் பயிற்சி முகாமிலோ, உடன் பயில்வோரைத் தம்மை அடிக்கவிட்டுத் தாங்கும் வழக்கம் வேரூன்றியது. மேடையில் பட்ட அடிகளையாவது எண்ணிவிடலாம். முகாமில் பட்டவற்றை எவரும் எண்ணவில்லை. 1977இல் எர்னி ஷேவர்ஸுடன் மோதிய பின், இனிச் சண்டை வேண்டாம் என்ற தம் அறிவுரை ஏற்கப்படாமையால் மருத்துவர் ஃபெர்டி பச்செகோ விலகினார். அலீக்குப் பிற்காலத்தில் வந்த நோய்க்கு அடிகளே முழுக் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒருமித்த கருத்தினர் அல்லர். ஆயினும் தலையில் தொடர்ந்து அடிபட்ட குத்துச்சண்டை வீரர்களிடம் காணும் மூளைப் பாதிப்பை ஹாரிசன் மார்ட்லண்ட் என்னும் மருத்துவர் 1928லேயே எழுதிவைத்திருந்தார்.

ரசிகர்களுக்கும் இதில் பங்குண்டு. 1980இன் தொடக்கத்தில், ஓய்வை அறிவித்துவிட்ட நிலையில் அலீ சென்னைக்கு வந்தார்; நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடினார். அன்று அவரைக் காணத் திரண்ட கூட்டத்தைப் பற்றி நம் மூத்தோர் இன்றும் சொல்வர். எங்கு சென்றாலும் அத்தகைய ஆரவாரம் கிடைக்கும் மனிதர் ஓய்ந்திருப்பாரா? அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, 38 வயதில், லாரி ஹோம்ஸை எதிர்த்து மேடையேறினார். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அவரோடு பயிற்சியில் மோதி வளர்ந்தவர். பத்துச் சுற்றுகள் அடி வாங்கிய பின், பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ ஆட்டத்தை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் அழுதார்.

அதன் பின்னும் 1981 டிசம்பரில் ஒருமுறை மேடையேறித் தோற்றார். 1984இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது 42.