நுண்ணாடியில் சாம்பல் நிறம்: ஒரு கருவித் தேர்வின் பின்னணி

1977இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் தொடங்கிய ஆய்வு வளையும் ஆடிகளைப் பற்றியது. மின்னழுத்தம் கூடக்கூட ஆடி கூடுதலாக வளையும். அதற்கேற்ப வெளிச்சம் மாறும். கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட எல்லாப் படிகளும் அதில் தாமாகவே கிடைத்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான ஆடிகள் ஒரே மின்னழுத்தத்துக்கு ஒரே அளவில் வளையவில்லை. 1987இல் ஹார்ன்பெக் வேறு வழியைப் பிடித்தார். புதிய ஆடிக்கு இரண்டே நிலைகள்: ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸுக்குள் போகும், மறுபக்கம் சாய்ந்தால் உறிஞ்சும் தடுப்பில் விழும். அன்று முதல் சாம்பல் நிறம் என்பது ஆடியின் வேலையல்ல, நேரத்தின் வேலை: ஒளி எவ்வளவு நேரம் லென்ஸுக்குள் போகிறதோ அவ்வளவு வெளிச்சம். இன்று இத்தகைய நுண்ணாடிக் கருவி வாங்குவோருக்கு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளைக்கின்றன.

1990இல் வந்த முதல் வணிகப் பயன்பாட்டுக்குச் சாம்பல் நிறமே தேவைப்படவில்லை. விமானப் பயணச்சீட்டு அச்சிடும் இயந்திரத்தில் 840 ஆடிகள் ஒரே வரிசையில் இருந்தன. தாளில் கருப்பு எழுத்து விழுந்தால் போதும். 1996இல் புரொஜெக்டர் சந்தைக்கு வந்தபோதுதான் கணக்கு இறுகியது. வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவினாடி. எட்டு பிட் சாம்பலுக்கு அதை 255 பங்காக்கினால் மிகச் சிறிய பிட்டுக்கு 65 மைக்ரோவினாடி. ஒவ்வொரு பிட்டும் முந்தையதைப்போல் இரு மடங்கு நேரம் எடுப்பதால் மிகப் பெரியதற்கு அதைப்போல் 128 மடங்கு. ஒற்றைச் சில்லும் வண்ணச் சக்கரமும் கொண்ட புரொஜெக்டரில் மூன்று நிறங்களும் இதே நேரத்தைப் பங்கிடுவதால் சிறிய பிட்டுக்கு 22 மைக்ரோவினாடிதான் மிஞ்சும். ஆடி புரளவே பத்துப் பதினைந்து மைக்ரோவினாடி பிடிக்கும்! இன்னொரு தொல்லை 127க்கும் 128க்கும் இடையில் உண்டு. வெளிச்சம் ஒரு படி ஏறும்போது எட்டு பிட்களும் தலைகீழாகின்றன. கண் நகர்ந்தால் இல்லாத கோடு தெரியும். பெரிய பிட்களைத் துண்டாக்கிப் படநேரம் முழுக்கத் தூவுவது இதற்காகத்தான்.

திரையரங்குகள் 1999 முதல் மூன்று சில்லுகளால் நெருக்கடியைத் தணித்தன. ஹார்ன்பெக்குக்கு 2015இல் ஆஸ்கரும் கிடைத்தது. ஆய்வுக்கூடங்களின் பாடு வேறு. அலுவலக புரொஜெக்டரில் வெள்ளையைக் கூட்டிக்காட்டும் நிறமற்ற துண்டு சக்கரத்தில் இருக்கும். உள்ளீட்டு எண்ணும் வெளிச்சமும் நேர்விகிதத்தில் இராது. பார்வை ஆய்வுக்கு இத்தகைய கருவியைப் பயன்படுத்துவது எப்படி என்று பேக்கர் குழுவினர் 2001இல் விரிவாக அளந்து எழுதினர். பின்னர் ஆடிகளை நேரடியாக இயக்கவிடும் பலகைகள் வந்தன.

இங்கேதான் பலகையின் விவரத்தாளைக் கவனித்துப் படிக்க வேண்டும். லைட்கிராஃப்டர் 4500 பலகை கருப்பு வெள்ளையில் வினாடிக்கு 4225 வடிவங்களைக் காட்டும். எட்டு பிட் என்பதால் எட்டால் வகுத்து 528 என்று நினைப்பவர்கள் உண்டு. மெய்யான எண் 120. பிட்களின் எடை இரட்டித்துப் போவதால் 255ஆல் அல்லவா வகுக்க வேண்டும் என்றால், அப்போது 17கூட வராது. சிறிய பிட்கள் வரும்போது விளக்கையோ ஆடியையோ முன்கூட்டி அணைத்துவிடுவதால்தான் இடைப்பட்ட வேகம் கிடைக்கிறது. அதற்கு விலை வெளிச்சம். பிட்டின் எடையை நேரத்தில் வைக்காமல் எல்.இ.டி. விளக்கின் பிரகாசத்தில் வைத்தால் வேகம் எட்டால் வகுத்த கணக்கை நெருங்கும், ஆனால் விளக்கு இன்னும் மங்கும்.

பொருளின்மேல் பட்டைகளை வீசி வடிவத்தை அளக்கும் முப்பரிமாண அளவீட்டில் சாம்பலையே தவிர்த்தவர்களும் உண்டு. ஷுவாங்யான் லெய்யும் சாங் ஜாங்கும் 2009இல் கருப்பு வெள்ளைப் பட்டைகளை வேண்டுமென்றே குவியம் விலக்கி வீசினர்; மங்கலில் பட்டைகள் சைன் அலையாக மென்மையாயின. குவியம் விலகும் அளவைப் பொருளின் ஆழம் மாற்றிவிடுவதால் பயன்படும் ஆழவரம்பு சுருங்குகிறது என்பது இதன் குறை. மேசையளவுப் பொருளை வேகமாக அளப்பவருக்கு இது போதும். விலையுயர்ந்த பலகை தேவையில்லை என்பது என் கருத்து. விழித்திரைக்கு ஒளி காட்டுபவருக்கோ உண்மையான சாம்பலே வேண்டும். அவர் பலகையோடு, அதன் வெளிச்சத்தைச் சரிபார்க்கும் கேமராவின் திறப்பு நேரத்தையும் பார்த்து வாங்க வேண்டும்: 120 ஹெர்ட்ஸில் 8.3 மில்லிவினாடிக்குக் குறைவாகத் திறந்தால் சில பிட்கள் மட்டுமே பதிவாகி, சரிபார்ப்புப் படமே பொய்யாகிவிடும்.