நெஞ்சுவலியின் படிநிலை

நம் பேச்சில் கொழுப்பு என்பது ஒரு வசவு. அடங்கிக் கிடக்க வேண்டியவன் அடங்காதபோது மேலே இருப்பவன் சொல்வது, ‘கொழுப்பெடுத்தவன்.’ மாரடைப்பு பற்றிய மருத்துவச் சொல்லாடலிலும் இந்த வசவின் சாயல் இருப்பதாக எனக்குப் படுகிறது. தின்றாய், குடித்தாய், புகைத்தாய்; இப்போது அனுபவி. நோயின் வரலாறு மறைந்து நோயாளியின் நடத்தை மட்டும் மிஞ்சுகிறது.

இச்சொல்லாடலின் முக்கிய ஊற்று அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற சிற்றூர். 1948இல் தொடங்கி அங்கே 5,209 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை ஆகியவை மாரடைப்புக்கு இட்டுச்செல்கின்றன என்பது நிறுவப்பட்டது. ‘வயசானா பிரஷர் ஏறத்தான் செய்யும்’ என்றிருந்த மருத்துவ நம்பிக்கை உடைந்தது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பீடியை விடு, உப்பைக் குறை, பிரஷர் மாத்திரையை நிறுத்தாதே என்பதெல்லாம் உயிர்காக்கும் அறிவுதான். ஆனால் இவ்வறிவு உடலைத் தனியாக நிறுத்தியது; அந்த உடல் யாருக்குக் கீழே வேலை செய்கிறது என்று கேட்கவில்லை.

அதைக் கேட்டது லண்டன் வைட்ஹால் ஆய்வு. 17,530 ஆண் அரசு ஊழியர்கள். அனைவருக்கும் நிலையான வேலை, இலவச மருத்துவம். இருந்தும் உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் 3.6 மடங்கு அதிகமாக இதயநோயில் செத்தார்கள் என்று 1978இல் அறிக்கை வெளிவந்தது. புகை, அழுத்தம், கொலஸ்ட்ரால் அனைத்தையும் கணக்கில் கொண்ட பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாமையை ஒரு காரணமாகக் கண்டது. ‘பணக்கார வியாதி’ என்ற நம் நம்பிக்கை இங்கே நொறுங்குகிறது.

இதை முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வாசிக்க வேண்டும். முந்திரித் தோப்புகளுக்கு அப்பால் 1956இல் உருவான நெய்வேலி நிலக்கரி நிறுவனம். நகரியத்தின் வீடுகள்கூடப் பதவி வரிசைப்படி வகை பிரிக்கப்பட்டவை. 2012இல் பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைக் கூலிப் பிரச்சினையாகவே நாம் பார்த்தோம். வைட்ஹாலுக்குப் பிறகு அது நெஞ்சைக் காப்பாற்றிக்கொள்ளும் போராட்டமும்கூட. ஒருநாள் கூலி போனால் உலை ஏறாதவர், நெஞ்சு இறுக்கி வேர்த்துக் கொட்டினாலும் ‘கேஸ்தான், சோடா குடிச்சா சரியாப் போயிடும்’ என்பார். இது அறியாமை மட்டுமல்ல. லீவு இல்லாதவரின் மொழி.

தமிழக அரசு 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே அனுப்பியது. 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டம், மாரடைப்பின் முதலுதவியாக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுவந்தது. இவை பெரிய காரியங்கள். ஆயினும் மாத்திரையைச் சுமந்து தெருத்தெருவாக நடக்கும் பெண்களுக்கு நிரந்தரப் பணி தரப்படவில்லை, ஊக்கத்தொகைதான். இதயம் காக்கும் திட்டத்துக்குள்ளும் அதே படிநிலை.

எனவே தொழிற்சங்கங்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவ முகாம் நடத்துகிறோம், பிரஷர் பார்க்கிறோம்; நல்லது. எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். நிரந்தரமா, ஒப்பந்தமா, தினக்கூலியா என்று எழுதுங்கள். அந்தக் கட்டம் நிரம்பாதவரை கொழுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு மேலே இருப்பவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.