ஸ்ரீஹரிகோட்டாவில் நிறுத்தக் கற்ற வரலாறு

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு, நெல்லூர் ஜில்லாவை நீங்கிப் புதிய திருப்பதி ஜில்லாவைச் சேர்ந்தது 2022 ஏப்ரலில்தான். எனினும் அத்தீவிலிருந்து ஏவப்படும் ராக்கெட்டின் சிறு மாதிரியை விஞ்ஞானிகள் திருமலைக்கு எடுத்துச் சென்று வேங்கடவன் சந்நிதியில் வைத்து வணங்கும் வழக்கத்தால், அவ்விரு ஸ்தலங்களுக்கும் உறவு அதற்கு முன்பே ஏற்பட்டிருந்தது. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி 125 என்னும் சிறு ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பியது முதலாக, அத்தீவில் ஏவப்பட்டவற்றைப் பற்றி எழுதினோர் பலர். கிளம்பவிருந்ததை அபாயமின்றி நிறுத்துவதற்கு அங்குள்ளோர் கற்ற வித்தையோ அதிகம் பேசப்படவில்லை. அதுவே அரியது என்பது என் அபிப்பிராயம்.

1979 ஆகஸ்டு 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஏவப்பட்ட விதத்தை, அதன் திட்ட இயக்குநராயிருந்த ராமேசுவரத்து அப்துல் கலாம், பிற்காலத்தில் பல சபைகளில் ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்திருக்கிறார். புறப்பாட்டுக்குச் சில நிமிஷங்களே இருக்கையில் கணினி தானாகவே கவுண்ட்டவுனை நிறுத்திவிட, உடனிருந்த நிபுணர்கள் கணக்கிட்டுப் பார்த்து, எரிபொருள் போதிய அளவு கையிருப்பில் உண்டென்று தைரியம் கூற, அவர் கணினியை விலக்கிவிட்டு ராக்கெட்டை ஏவச் செய்தார். முதற்கட்டம் செவ்வனே எரிந்தது. இரண்டாம் கட்டம் நிலைகுலைந்தது. 317 விநாடிகளில் எல்லாம் கடலில் வீழ்ந்தது. தூசு புகுந்து மூடாதிருந்த ஒரு வால்வின் வழியே, இரண்டாம் கட்டத்தின் திசையை ஆள வேண்டிய நைட்ரிக் அமிலம் தரையிலேயே ஒழுகிப் போயிருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. பத்திரிகையாளர் முன் பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தடை எதனால் எழுந்தது என்பதை முற்றும் அறியுமுன் அதை நீக்கியதே அன்றைய பிழை. அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் வெற்றி கண்டது.

நடந்துகொண்டிருப்பதை அபாயமின்றி நிறுத்துவதிலுள்ள சங்கடத்தைக் கணினி நிரல் எழுதுவோரும் நன்கு அறிவர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸில், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்னல் எந்த வேலையின் நடுவிலும் வரலாம். நினைவகத்தை ஒதுக்கும் காரியம் பாதியில் நிற்கும்போது வந்த சிக்னலைக் கையாளப் புகுந்த பகுதி, மறுபடியும் அதே நினைவகக் கணக்கில் கைவைத்தால் சர்வமும் குழம்பும். ஆதலால் சிக்னல் வந்ததை மட்டும் அங்கே குறித்துக்கொண்டு, தகுந்த இடத்துக்கு வந்தபின் கோப்புகளை மூடி, முறைப்படி விடைபெறுவதே அவர்கள் கைக்கொண்ட ஆசாரம்.

ராக்கெட்டில் அத்தகுந்த இடத்தை முன்கூட்டியே நிர்மாணித்து வைக்க வேண்டும். ஜி.எஸ்.எல்.வி.யின் நடுவிலுள்ள திட எரிபொருள் மோட்டார் ஒருமுறை பற்றினால் அணைக்க இயலாதது. பக்கங்களிலுள்ள நான்கு திரவ எஞ்சின்களையோ வால்வுகளை மூடி அணைக்கலாம். ஆகவே திரவ எஞ்சின்களைச் சுமார் 5 விநாடி முன்னதாகவே எரியவிட்டு, நான்கும் போதிய உந்துவிசை தருவதைக் கணினி கண்ட பின்னரே நடு மோட்டாருக்குத் தீயிடும் கிரமம் ஏற்பட்டது. 2001 மார்ச் 28 அன்று, அந்த ராக்கெட்டின் முதற்பயண முயற்சியில், நான்கில் ஒன்று விசை குன்றியதைக் கண்ட கணினி, புறப்பாட்டுக்கு ஒரு விநாடி இருக்கையில் எஞ்சின்களை அணைத்தது. சுமார் 400 டன் எடையுள்ள ராக்கெட், ஜுவாலையும் புகையும் சூழ, ஏவுதளத்திலேயே நின்றது. பழுதை நீக்கி, மூன்றே வாரங்களில், ஏப்ரல் 18 அன்று, ஜிசாட்-1 செயற்கைக்கோளோடு அதே ராக்கெட்டை அனுப்பினார்கள். அவ்வொரு விநாடியைச் சிந்தித்து வைத்தவர்களுக்கு இத்தேசம் இன்னும் உரிய நன்றி செலுத்தவில்லை.

பொய்ச் சிக்னலும் உண்டு. 2022 ஆகஸ்டு 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் பிரிகையில் எழுந்த கணநேர அதிர்வு முடுக்கமானிகளின் அளவை மீற, அவை பழுதாயினவென்று தீர்மானித்த நிரல் மாற்று வழிக்குத் தாவியது. அது சுமந்துசென்ற செயற்கைக்கோள்கள் 356 கிலோமீட்டர் உயரத்து வட்டப்பாதைக்குப் பதிலாக, ஒருபுறம் 76 கிலோமீட்டர்வரை தாழ்ந்த பாதையில் விடப்பட்டு அழிந்தன.

2023 அக்டோபர் 21 அன்று, மனிதரைச் சுமக்கவிருக்கும் ககன்யான் கலத்தை ஆபத்தில் ராக்கெட்டிலிருந்து பிரித்துக் காக்கும் ஏற்பாட்டைச் சோதிக்க முனைந்தபோது, புறப்பட 5 விநாடி இருக்கையில் தரைக் கணினி தடையிட்டது. இம்முறை எவரும் அதை விலக்கி ஏவவில்லை. காரணத்தைத் தேடிக் கண்டு, சரிசெய்து, காலை 10 மணிக்கு ஏவினார்கள். கலம் பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்க, கடற்படையினர் அதை மீட்டு வந்தனர்.