கோணமாமலையின் கோட்டையும் ஒல்லாந்தர் மாளிகையும்

உலகின் இயற்கைத் துறைமுகங்களுள் தலைசிறந்தவற்றில் ஒன்று திருகோணமலை. பெருங்கப்பல்கள் தங்கத்தக்க ஆழமும், காற்றை மறிக்கும் குன்றுகளும் ஒருங்கே அமைந்த அந்நீர்ப்பரப்பை விரும்பாத கடல் வல்லரசு அரிது. அவ்விருப்பத்தின் வரலாற்றை ஏடுகளிலும் தெளிவாக அந்நகரின் கட்டடங்களிற் படிக்கலாம்.

சுவாமிமலை மீது விளங்கிய கோணேசர் கோயிலை 1622ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இடிப்பித்தான். அதன் கற்களைக் கொண்டே அங்குக் கோட்டையும் எழுந்தது. கோட்டை வாயிற் கல்லில் பாண்டியரின் இணைக்கயற் சின்னமும், சிதைந்த தமிழ்ச் சாசனமும் இன்றும் காணப்படுகின்றன. குளக்கோட்டன் திருப்பணியையும், பறங்கியர் அதனைப் பிரிப்பதையும் அச்சாசனம் முன்னறிவித்ததாக மக்கள் நம்பி வருகின்றனர்.

1639இல் ஒல்லாந்தர், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையுடன் அக்கோட்டையைக் கைப்பற்றினர். பின்னர் துறைமுக வாயிலைக் காக்க ஒஸ்ரென்பேர்க் என்னும் மற்றொரு கோட்டையையும் அமைத்தனர். ஆயினும் 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயரும், ஆகத்து மாதத்திற் பிரான்சியரும் திருகோணமலையைக் கவர்ந்தனர். சமாதானத்தின் பின் ஒல்லாந்தரிடம் மீண்ட துறைமுகம், 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1803இல் பெரிய கோட்டைக்கு யோர்க் கோமகனின் நினைவாகப் பிறெடெறிக் கோட்டை எனப் பெயரிடப்பட்டது.

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கட்டடங்களுள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது, அவர்தம் கடற்படை ஆணையரின் இல்லமாகும். தடித்த சுவர்களும், நிழல் தரும் தாழ்வாரமும் கொண்ட இரண்டு மாடி மாளிகை அது. ஐரோப்பியக் கட்டடக்கலை, கீழ்த்திசையின் வெயிலுக்கும் மழைக்கும் இசைந்து கொடுத்தமைக்கு அது ஓர் எடுத்துக்காட்டு. நெதர்லாந்து அரசின் உதவியுடன் புதுப்பிக்கப்பட்ட அம்மாளிகை, 2013இல் கடல்சார் வரலாற்று நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. துறைமுகத்தை ஆண்டவரின் வீடு, இன்று அத்துறைமுகத்தின் கதையைச் சொல்லும் கூடமாயிற்று.

எனினும் பழம்பொருள்கள் யாவும் நூதனசாலைக்கே உரியவையல்ல. 1950இல் திருகோணமலையிற் கிணறு தோண்டுகையில், சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவை கண்ணாடிப் பேழையுட் காட்சிப்பொருளாக அடைபடவில்லை. வழிபாட்டுக்குரியனவாக மீண்டும் கோயிலில் எழுந்தருளின. ஆங்கிலேயர் 1957இல் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். ஆறாண்டுகள் கழித்து, 1963இல், மலையுச்சியிற் புதிய கோயிலின் கும்பாபிடேகம் நிறைவேறியது.

கட்டடத்தைக் காப்பது வேறு, அதன் பொருளைக் காப்பது வேறு. ஆணையர் மாளிகை, நோக்கம் மாறியதனாற் பிழைத்தது. கோணேசர் கோயிலோ, கல் சிதறிய பின்னரும் நோக்கம் மாறாமையாற் பிழைத்தது. இன்று அடியார்கள் கோயிலுக்கு ஏறும் வழி அக்கோட்டை வாயிலூடாகவே செல்கின்றது. இடித்த கோயிலின் கற்களாலான வாயிலைக் கடந்தே, எழுந்த கோயிலை அவர்கள் அடைகின்றனர். நாள்தோறும் மக்கள் நடந்து படிக்கும் நூதனசாலை அதுவே எனலாம்.