நிலப் பட்டயத்தில் ஒரு திருமணம்

எங்கள் கெங்கவல்லிப் பக்கம் சம்பந்தம் பேச வந்தால் காடு, தோட்டம் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடும். சோழர் காலத்து அரச சம்பந்தங்களைத் தேடிப் போனாலும் கடைசியில் நிலத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஒரு கிராமத்தைத் தானம் செய்தால் அதைச் செப்பேட்டில் எழுதுவார்கள். அதில் நிலத்தின் எல்லையைச் சொல்வதற்கு முன்பே கொடுப்பவரின் வம்சாவளி வந்துவிடும். கொடுக்கும் உரிமை அவருக்கு எப்படி வந்தது என்று காட்ட வேண்டாமா?

வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னன் இராஜராஜ நரேந்திரனின் கொருமெல்லிச் செப்பேட்டைப் பாருங்கள். அவன் தாய் குந்தவை, முதலாம் இராஜராஜ சோழனின் மகள், இராஜேந்திரனின் தங்கை என்று அதில் இருக்கிறது. (பொன்னியின் செல்வனில் வருபவர் இவருக்கு அத்தை. நானும் முதலில் குழம்பினேன்!) நரேந்திரனும் இராஜேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். நம் முறையில் சொன்னால் தாய்மாமன் மகள். இவர்களின் மகன்தான் 1070-இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். சாளுக்கியன் சோழனான கதைக்கு இந்தத் தானப் பத்திரங்களே சாட்சி.

இங்கிலாந்திலும் இப்படித்தான். அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால் அதிகாரிகள் விசாரித்து நிலத்தையும் வாரிசையும் எழுதி வைத்தார்கள். விதவையின் பங்கு பற்றிய பதிவுகளும் உண்டு. அங்கே பிரபுக்களின் திருமணங்களைத் தேடுபவர்களுக்கு அவைதான் கைவிளக்கு.

ஆனால் வாரிசுரிமைக்கு உதவாத மகள்களுக்கு வம்சாவளியில் இடம் கிடைப்பது அரிது. அவர்களே தானம் கொடுத்திருந்தால்தான் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வாரிக் கொடுத்த மூத்த குந்தவையை அங்குள்ள கல்வெட்டு இராஜராஜனின் தமக்கை என்கிறது, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றும் சொல்கிறது.