மக்கள் வாக்கால் நீதிபதிகள்: அமெரிக்க மாநிலங்களின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல மாநிலங்களில் நீதிபதிகளைப் பொதுமக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை நீதிபதித் தேர்தல் எனப்படுகிறது. அந்நாட்டின் 50 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசியலமைப்பும் தனித்தனி நீதிமன்றங்களும் உள்ளன. மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் பெரும்பாலும் உச்ச நீதிமன்றம் என்றே அழைக்கப்படுகிறது. இந்திய மாணவர்கள் அதனை ஏறக்குறைய நம் உயர் நீதிமன்றத்தின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். இன்று ஏறத்தாழ 38 மாநிலங்களில் இந்நீதிமன்ற நீதிபதிகள் ஏதேனும் ஒரு வகையில் வாக்காளர்களைச் சந்திக்கின்றனர்.

உயர் நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுக்கலாமா என்ற கேள்விக்கு இவ்வளவு நீண்ட அனுபவத்தைத் தரும் நாடு வேறில்லை. நீதிபதியை யார் அமர்த்துகிறார் என்பதைவிட, பதவியைக் காத்துக்கொள்ள அவர் மீண்டும் யாருடைய தயவை நாட வேண்டியிருக்கிறது என்பதே முக்கியம் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

தொடக்கம்

இங்கிலாந்தில் 1701ஆம் ஆண்டுச் சட்டம், நன்னடத்தை உள்ளவரை நீதிபதிகள் பதவியில் இருக்கலாம் என்று உறுதி செய்தது. குடியேற்றங்களில் இருந்த நீதிபதிகளுக்கு இப்பாதுகாப்பு கிடைக்கவில்லை. நீதிபதிகளின் பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் மன்னர் தம் விருப்பத்துக்கு உட்படுத்திவிட்டார் என்பது 1776ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்தின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று.

1787இல் எழுதப்பட்ட கூட்டாட்சி அரசியலமைப்பு இதற்கு ஒரு வழி கண்டது. குடியரசுத் தலைவர் நீதிபதியை முன்மொழிவார். செனட் சபை இசைவு தரும். அதன்பின் நன்னடத்தை உள்ளவரை அவர் பதவியில் இருப்பார். கூட்டாட்சி நீதிபதிகளுக்கு இன்றும் இதுவே முறை. தொடக்கத்தில் மாநிலங்களிலும் ஆளுநரோ சட்டமன்றமோதான் உயர் நீதிபதிகளை அமர்த்தின.

மிசிசிப்பி, 1832

எல்லா நீதிபதிகளையும் மக்கள் தேர்தலுக்கு உட்படுத்திய முதல் மாநிலம் மிசிசிப்பி. 1832ஆம் ஆண்டு அரசியலமைப்பு மாநாட்டில் உறுப்பினர்கள் மூன்று அணிகளாகப் பிரிந்து நின்றனர். நியமனமே போதும் என்றவர்களுக்கு 'மேட்டுக்குடியினர்' என்றும், கீழ்நிலை நீதிபதிகளுக்கு மட்டும் தேர்தல் வேண்டும் என்றவர்களுக்கு 'அரைப் பன்றிகள்' என்றும், அனைவருக்கும் தேர்தல் வேண்டும் என்றவர்களுக்கு 'முழுப் பன்றிகள்' என்றும் கேலிப் பெயர்கள் வழங்கின. முழுப் பன்றிகளே வென்றனர்.

இங்கே 'மக்கள்' என்ற சொல்லின் எல்லையை மறந்துவிடக் கூடாது. அன்று வாக்களித்தவர்கள் வெள்ளையின ஆண்கள் மட்டுமே. பெண்களுக்கும், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்கும் வாக்கில்லை.

1837ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இம்முறை பரவத் துணை செய்தது. கால்வாய்களுக்கும் இருப்புப் பாதைகளுக்கும் வங்கிகளுக்கும் அளவின்றிக் கடன் வாங்கிய பல மாநிலங்கள் கடனைத் தீர்க்க முடியாமல் தவித்தன. சட்டமன்றத்தின் தயவால் பதவி பெற்ற நீதிபதி சட்டமன்றத்தைத் தட்டிக் கேட்பாரா என்று மக்கள் கேட்டனர். நியூயார்க் மாநிலம் 1846இல் தேர்தல் முறைக்கு மாறியது. வேறு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நீதிபதியை அரசியல்வாதிகளின் பிடியிலிருந்து விடுவிப்பதே அன்று தேர்தலின் நோக்கமாக இருந்தது.

கட்சியின் கையில் நீதிமன்றம்

நோக்கம் ஒன்று, விளைவு வேறொன்று. வாக்காளர்களுக்கு வேட்பாளர்களைப் பற்றி அதிகம் தெரியாத இடங்களில், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சித் தலைவரே உண்மையில் நீதிபதியைத் தேர்ந்தெடுப்பவர் ஆனார். நியூயார்க் நகரில் டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பின் ஆதரவில் பதவிக்கு வந்த ஜார்ஜ் பர்னார்டு 1872இல் பதவி நீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டில் ஆல்பர்ட் கார்டோசோ, விசாரணைக்கு முன்பே பதவி விலகினார்.

ஆல்பர்ட் கார்டோசோவின் மகன் பெஞ்சமினும் 1913இல் அதே மாநிலத்தில் தேர்தலில் வென்றே நீதிபதியானார். அமெரிக்கா கண்ட மிகச் சிறந்த நீதிபதிகளுள் ஒருவராகப் போற்றப்படும் அவர், 1932இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். தேர்தல் தந்தையையும் தந்தது, மகனையும் தந்தது.

1906இல் சட்ட அறிஞர் ராஸ்கோ பவுண்டு, நீதிமன்றத்தை அரசியலுக்குள் இழுத்ததால் அதன் மதிப்பு ஏறத்தாழ அழிந்துவிட்டது என்று வழக்கறிஞர்கள் கூட்டத்தில் எச்சரித்தார். மக்களோ எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. நீதிபதியை இடைக்காலத்தில் திரும்ப அழைக்கும் உரிமை அரிசோனாவின் அரசியலமைப்பில் இருந்ததால், அது மாநிலமாவதைக் குடியரசுத் தலைவர் டாஃப்ட் 1911இல் தடுத்தார். அரிசோனா அந்தப் பிரிவை நீக்கி, 1912 பிப்ரவரியில் மாநிலமானது. அதே ஆண்டு நவம்பரில் அப்பிரிவை மீண்டும் சேர்த்துக்கொண்டது!

மிசூரித் திட்டம்

கன்சாஸ் நகரில் டாம் பெண்டர்காஸ்ட் என்பவரின் கட்சி ஆதிக்கத்தைக் கண்டு சலித்த மிசூரி மக்கள், 1940இல் நடுவழி ஒன்றை ஏற்றனர். உயர் நீதிமன்றப் பதவி காலியானால், ஒரு நீதிபதி, மூன்று வழக்கறிஞர்கள், ஆளுநர் அமர்த்தும் மூன்று பொதுமக்கள் ஆகிய எழுவர் கொண்ட குழு மூன்று பெயர்களைத் தரும். ஆளுநர் அவற்றுள் ஒன்றைத் தேர்வார். குறைந்தது ஓராண்டு பணி செய்தபின் அந்த நீதிபதி மக்கள் முன் வருவார். எதிர் வேட்பாளர் கிடையாது. நீடிக்கலாமா, வேண்டாமா என்று மட்டும் வாக்காளர் சொல்வார். தகுதி, மக்கள் கண்காணிப்பு இரண்டையும் சேர்க்க முயன்ற இத்திட்டம் பல மாநிலங்களில் பரவியது.

மூன்று படிப்பினைகள்

முதலாவது கலிபோர்னியா. அங்கும் நீடிப்பு வாக்கெடுப்பு உண்டு. 1977இல் மாநிலத்தின் முதல் பெண் தலைமை நீதிபதியாக அமர்ந்த ரோஸ் பேர்ட், தம்முன் வந்த மரண தண்டனைகள் அனைத்தையும் நீக்கும்படியே தீர்ப்பளித்தார். 1986 நவம்பரில் வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அவருக்கு எதிராக வாக்களித்தனர். குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் குரோடின் ஆகிய இருவரும் அவருடன் பதவி இழந்தனர். தேர்தல் நெருங்கும்போது சிக்கலான வழக்குகளை விசாரிப்பது, குளியல் தொட்டியில் முதலை இருப்பதைத் தெரிந்துகொண்டே முகச்சவரம் செய்வது போன்றது என்ற பொருளில், அந்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஓட்டோ காஸ் கூறியது பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இரண்டாவது மேற்கு வர்ஜீனியா. மாஸி என்ற நிலக்கரி நிறுவனம் 5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2002இல் ஒரு தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு வருமுன், 2004ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் பிரென்ட் பெஞ்சமின் வெல்வதற்காக அந்நிறுவனத்தின் தலைவர் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவிட்டார். பெஞ்சமின் வென்றார். வழக்கிலிருந்து விலக மறுத்து, நிறுவனத்துக்குச் சாதகமான 3–2 தீர்ப்பில் பங்கேற்றார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவர் இல்லாமல் நடந்த மறுவிசாரணையிலும் நிறுவனமே வென்றது. ஆயினும், பணம் கொடுத்தவரின் வழக்கை அப்பணத்தால் பயன்பெற்றவரே விசாரிக்கும்போது, தீர்ப்பு சரியாக இருந்தாலும் தோற்றவர் அதை நம்பமாட்டார்.

மூன்றாவது ஐயோவா. 2009 ஏப்ரலில் அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, ஒருபாலினத் திருமணத்துக்கு எதிரான சட்டத்தைச் செல்லாது என்றனர். 2010 நவம்பரில் நீடிப்பு வாக்கெடுப்பைச் சந்தித்த தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ் உள்ளிட்ட மூவரும் பதவி இழந்தனர். தீர்ப்பு மாறவில்லை. 2015இல் நாடு முழுவதற்கும் அதே முடிவைக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

தேர்தலுக்கு ஆதரவான வாதம்

இவற்றை மட்டும் கொண்டு தேர்தலைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. நியமன முறையில் மூடிய அறைக்குள் நடப்பதை மக்கள் அறிய வழி குறைவு. ஆளுவோரின் நண்பர்களும் ஒரே வகுப்பினரும் பதவிகளை நிரப்பும் ஆபத்தும் உண்டு. தேர்தல் விலக்கப்பட்டோருக்கு வாயில் திறந்ததும் உண்டு. வாக்குரிமைச் சட்டம் நீதிபதித் தேர்தல்களுக்கும் பொருந்தும் என்று 1991இல் தீர்ப்பு வந்தது. லூசியானாவில் கறுப்பின வாக்காளர்கள் தொடுத்த வழக்கு அது. அடுத்த ஆண்டே ரெவியஸ் ஓர்டிக் அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

பிற நாடுகள்

ஜப்பானில் 1947ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்கள் வாக்கால் நீக்கலாம். இதுவரை ஒருவர்கூட நீக்கப்பட்டதில்லை. பொலிவியா 2011இல் தன் உயர் நீதிமன்றங்களுக்குத் தேர்தல் நடத்தியது. செல்லாத வாக்குகளும் வெற்று வாக்குகளுமே செல்லும் வாக்குகளைவிட மிகுந்திருந்தன. மெக்சிகோ 2025 ஜூன் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உட்படக் கூட்டாட்சி நீதிபதிகளுக்குத் தேர்தல் நடத்தியது; வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மட்டுமே.

மதிப்பீடு

மன்னரின் விருப்பத்துக்கு நீதிபதி கட்டுப்பட்டது 1776இல் குறையாகக் கூறப்பட்டது. சட்டமன்றத்துக்குக் கட்டுப்பட்டது அடுத்த நூற்றாண்டில் குறையானது. தேர்தலுக்குப்பின் கட்சிக்கும், பணத்துக்கும், அன்றைய பெரும்பான்மையின் கோபத்துக்கும் அஞ்ச வேண்டிய நிலை வந்தது. ஆட்சியாளர் மாறினாலும் அச்சம் மாறவில்லை.

ரோஸ் பேர்டும் மார்ஷா டெர்னசும் முதலில் தேர்தலால் வந்தவர்கள் அல்லர். பதவியில் நீடிக்கத்தான் அவர்களுக்கு வாக்குத் தேவைப்பட்டது. ஆகவே, எம்முறையில் அமர்த்தினாலும் மறுமுறை போட்டியிட முடியாத நீண்ட ஒரே பதவிக் காலம் தருவது நல்லது என்று சீர்திருத்தவாதிகள் சிலர் கூறுகின்றனர். மாசசூசெட்சிலும் நியூ ஹாம்சயரிலும் நீதிபதிகள் 70 வயது வரை பதவியில் இருக்கின்றனர்.

சட்டமன்ற உறுப்பினர் பெரும்பான்மையின் விருப்பத்தைப் பேச வேண்டியவர். நீதிபதியோ சில நாள்களில், ஊரே எதிர்த்து நிற்கும் ஒருவருக்கும் சட்டம் தரும் உரிமையை வழங்க வேண்டியவர். அந்த நாளில் அடுத்த தேர்தலைப் பற்றி அவர் நினைக்க வேண்டியிராத முறை எதுவோ, அதுவே மக்களுக்கும் பாதுகாப்பான முறையாகும்.