காவலர் மீதான புகார் விசாரணை (தூத்துக்குடி மாவட்டம்)

காவலர்களின் அத்துமீறலை விசாரிக்கும் வழக்கம் இப்பகுதியில் 1855ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையத்தோடு தொடங்குகிறது. தூத்துக்குடி அடங்கிய முத்துக்குளித்துறை அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரடங்கிய ஆணையத்திடம் மாகாணமெங்கிலுமிருந்து மக்கள் நேரிலும் கடிதம் வழியாகவும் முறையிட்டனர். கைவிரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் அம்முறையீடுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. வரி வசூலுக்கும் குற்ற ஒப்புதலுக்கும் இவையே கருவிகள். தீர்வை தண்டியவரும் காவலை நடத்தியவரும் ஒரே தாசில்தார். அடிபட்டவர் அடித்தவரின் கச்சேரியிலேயே முறையிட வேண்டியிருந்தது. ஆணையம் இதையே நோயின் வேராகக் கண்டது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் காவலைத் தனிப் படையாக்கியது.

காவல் தனிப் படையான பின்னும் அத்துமீறல் ஓயவில்லை. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் கடந்தும் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சாத்தான்குளம் காவலர்கள் ஒரு தந்தையையும் மகனையும் பிடித்துச் சென்றனர். கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட இருவரும் 22, 23 தேதிகளில் இறந்தனர். காவல் மரணத்தை நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் வகுத்த விதி. அதன்படி காவல் நிலையத்துக்குச் சென்ற கோவில்பட்டி நடுவர் பாரதிதாசனைக் காவலர்கள் அவமதித்தனர். கண்காணிப்புக் கேமராப் பதிவு அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. பெண் தலைமைக் காவலர் ஒருவர் அச்சத்தை மீறி, இருவரையும் இரவெல்லாம் அடித்ததையும் லத்திகளிலும் மேசையிலும் இரத்தக்கறை இருந்ததையும் சொன்னார். கையெழுத்திடத் தயங்கிப் பின் இட்டார். இவ்விசாரணை நிலைக்க அந்தச் சாட்சியம் பெரிதும் உதவியது. நீதிபதிகள் பி.என். பிரகாஷ், புகழேந்தி ஆகியோரின் சென்னை உயர் நீதிமன்ற மதுரை அமர்வு நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் ஒப்படைத்தது. 1859ஆம் ஆண்டின் சட்டம் பிரித்த வருவாயையும் காவலையும், தடயங்களைக் காக்க ஒரு நீதிமன்றம் தற்காலிகமாகச் சேர்க்க நேர்ந்தது. பின்னர் சிபிசிஐடியும் அதையடுத்து சிபிஐயும் வழக்கை நடத்தின.

காவலர் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையங்களுக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகளே தலைமை ஏற்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் பணித்தது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில ஆணையத்தை உள்துறைச் செயலரிடமும் மாவட்ட ஆணையத்தை ஆட்சியரிடமும் கொடுத்தது. இது அத்தீர்ப்பின் நோக்கத்துக்கு மாறானது. புகாரை விசாரிக்கும் ஆட்சியரே விசாரணைக்கு உள்ளாகவும் கூடும்: 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்பாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், காவல்துறையினர் 17 பேரோடு அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை கோரியது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது.